ராணி படத்துக்கு வைத்த சேலை

மூன்றாவது நாளும் பொட்டு கீழேதான் கிடந்தது.

அம்புஜம் குனிந்து பார்த்தாள். பூஜை அறையின் சிவப்புச் சிமெண்டுத் தரையில், படத்துக்கு நேர் கீழே, சந்தனமும் குங்குமமும் வட்டம் குலையாமல் விழுந்திருந்தன. பக்கத்தில் பெருமாள் படம், லட்சுமி படம், இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன மாமனார் வேங்கடசாமியின் போட்டோ. எல்லாவற்றிலும் நேற்று வைத்த பொட்டு வைத்தபடி இருந்தது. அதே சந்தனம், அதே விரல், அதே மாதிரிக் கண்ணாடி. இது ஒன்றில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மாமியார் எழுந்து வருவதற்குள் கெட்டியாக இழைத்து இன்னொன்றை வைத்தாள். விரல் நுனியில் கண்ணாடி சில்லென்றது. தை மாதக் காலையில் பீளமேட்டில் எந்தக் கண்ணாடிதான் சில்லென்று இருக்காது.

அந்தப் படம் மாமனார் காலத்தில் வந்தது. குன்னூரில் ஒரு துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது அவருடைய பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மாமனார் சாப்பாட்டு மேசையும் கடிகாரமும் எடுத்தார். படம் கூடவே வந்தது. ஐந்து வருடம் பரண்மேல் கிடந்ததை இந்தப் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் மாமியார் வெங்கடம்மாள் கண்டெடுத்தாள்.

கறுத்த மரச்சட்டம். உள்ளே, செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழைய படம். வர்ணமே கிடையாது, எல்லாம் முடியைவிட மெல்லிய கறுப்புக் கோடுகள். ஒரு கல் படிக்கட்டில் கிரீடம் வைத்த பெண் நிற்கிறாள். முன்சேலை மாதிரி ஒரு துணியை இரண்டு கையாலும் மடியாகத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மடி நிறைய ரோஜாப்பூ. எதிரே குதிரைமேல் ஒரு ராஜா குனிந்து, அவள் மடியை நோக்கி ஒரு விரலை நீட்டுகிறான். படத்தின் அடியில் ஏந்திய கைகள். வெறும் கைகள்தான், முகங்களைச் சட்டம் வெட்டிவிட்டது. அந்தக் கைகளை அம்புஜத்துக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

ஆனால் வெங்கடம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் வீட்டுச்சாமி ஒரு மருமகள்தான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், பத்தொன்பது வயதில், மஞ்சள் குங்குமத்தோடு இறந்துபோனவள். ஒவ்வொரு தையிலும் முதல் வெள்ளிக்கிழமை அவளுக்குப் புதுச்சேலையும் வளையலும் வைத்து, வா தாயி என்று கூப்பிட்டு, அந்தச் சேலையை வீட்டு மருமகள் கட்டிக்கொள்வது வழக்கம். இத்தனை காலமும் ஒரு பித்தளைச் சொம்புக்கு முன்னால்தான் வைத்தார்கள். அவளுக்கு ஏது படம்.

"கிரீடம் இருக்குது, மடி நெறைய பூவு இருக்குது, மொகத்துல அருள் சொட்டுது. நம்ம ஊட்டுச்சாமியேதான் இது" என்றாள் வெங்கடம்மாள்.

"அது யாரோ வெள்ளைக்காரச்சிம்மா" என்று அம்புஜத்தின் புருஷன் லட்சுமணசாமி சிரித்தான்.

"சாமிக்கு ஏதுடா நெறம்" என்று மகன் வாயை அடைத்துவிட்டாள்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை, அரக்குக் கரை போட்ட மஞ்சள் நூல் சேலை ஒன்றை அந்தப் படத்துக்கு முன் வைத்தார்கள். "வா தாயி, வந்து வாங்கிக்க. இது உன்ற ஊடு, இங்க இருக்கறதெல்லாம் உன்றது" என்று வெங்கடம்மாள் மூன்று தரம் சொன்னாள். சூடம் நிமிர்ந்து எரிந்தது. அம்புஜம் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டபோது, புதுத்துணியின் கஞ்சி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ஈரக் கல்லும் பூவும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை. ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த பெட்டியில் இருந்த சேலை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் அப்போது வேறு கவலைகள் இருந்தன. கூலித் தகராறில் லட்சுமணசாமி தன் மில்லைப் பூட்டி அறுபது நாள் ஆகியிருந்தது. காலை ஏழு மணி, மத்தியானம் மூன்று மணி, ராத்திரி பதினொரு மணி என்று ஊதும் சங்கு வாயை மூடிக்கொண்டுவிட்டது. சங்கு இல்லாத மத்தியானங்களுக்கு முடிவே இல்லாத மாதிரி இருந்தது. மில்லுக்காரர்கள் யாருக்கும் இந்த வீட்டிலிருந்து ஒரு மணி அரிசி போகக்கூடாது என்று லட்சுமணசாமி சொல்லியிருந்தான். கெட்டவன் இல்லை, பிடிவாதக்காரன். பசித்தால் தானாக வேலைக்கு வருவார்கள் என்று நம்பினான்.

அம்புஜத்தால் அப்படி நம்ப முடியவில்லை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரியாத்தாள் வந்து நின்றாள். அவள் புருஷன் வேலுமணி மில்லில் நூல் முறிந்தால் முடிச்சுப் போடுகிறவன். அம்புஜத்துக்குக் குழந்தை பிறந்த அதே வாரத்தில் அவளுக்கும் பிறந்தது. அம்புஜத்தின் மகன் நரசிம்மலு கன்னம் உப்பிக் கிடந்தான். மாரியாத்தாளின் இடுப்பிலிருந்த குழந்தைக்கு அழக்கூடச் சத்தம் வரவில்லை.

"கஞ்சி குடிச்சா எனக்குப் பால் ஊறுமுங்க அம்மணி. வேறொண்ணும் வேண்டாமுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மஞ்சள் சேலையின் முன்பக்கத்தை மடியாகத் தூக்கி, அதில் இரண்டு படி அரிசியைக் கொட்டிக்கொண்டு அம்புஜம் நடையைக் கடந்தாள். பூஜை அறை வாசலில் வெங்கடம்மாள் நின்றிருந்தாள்.

"மடியில என்ன அம்மணி?"

மாமியாரின் தோளுக்குப் பின்னால் படம் தெரிந்தது. "பூவுங்க அத்தை" என்று வாய் தானாகச் சொல்லியது.

"எங்க, காட்டு."

காட்டினாள். வேறு வழி இல்லை. மடி நிறைய ரோஜாப்பூ இருந்தது.

அந்த வீட்டில் ரோஜாச் செடி கிடையாது. வெங்கடம்மாள் அதை யோசிக்கவே இல்லை. யாரோ கொடுத்தனுப்பியது என்று எண்ணி, இரு கையாலும் அள்ளிக்கொண்டு போய்ப் படத்துக்குப் போட்டாள். அம்புஜம் சுவரில் சாய்ந்து நின்றாள். முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். சாமி தன்னைக் காப்பாற்றிவிட்டது என்று கண்ணில் நீர் வந்தது. அப்புறம்தான் விரல்களைப் பார்த்தாள். பூவைத் தொட்ட இடமெல்லாம் கறுப்பாக ஒட்டியிருந்தது. சேலையில் தங்கியிருந்த ஒரு இதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கருஞ்சிவப்பு இதழ். அதன்மேல், முடியைவிட மெல்லிய கறுப்புக் கோடுகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, நெருக்கமாக.

கொல்லைச் சுவருக்கு அப்பால் மாரியாத்தாள் அன்று வெறுங்கையோடு திரும்பினாள்.

மறுநாள் வெங்கடம்மாள் அந்தச் சேலையை அவிழ்த்துத் தரச் சொன்னாள். வீட்டுச்சாமி சேலையில் தூளி கட்டினால் குழந்தைக்குக் காவல் என்றாள். முழுச்சேலை தூளிக்கு நீளம். மிஞ்சியதை அம்புஜம் கிழித்து வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை, மாமியார் குளிக்கும் நேரத்தில், அந்தத் துண்டில் எட்டு நாளைக்கு ஆகும் அரிசியை முடிந்து, சுவருக்கு மேலாக மாரியாத்தாளிடம் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

தூளியில் நரசிம்மலு அழுவதே இல்லை. வெங்கடம்மாள் அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னாள். அம்புஜத்துக்கு அது பிடிபடவில்லை. பாலுக்குக்கூட அழாத பிள்ளை உண்டா. தூக்கும் ஒவ்வொரு முறையும் முந்தைய தடவையைவிட லேசாக இருப்பதாகத் தோன்றியது. உடம்பில் அந்தக் குளிர்ந்த வாசனை ஒட்டியிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. ஒரு நாள் அவன் மூடிய கையைப் பிரித்தபோது உள்ளே ஒரு இதழ் இருந்தது. கறுப்புக் கோடு போட்ட இதழ். அதை அடுப்பில் போட்டாள். அது எரிய நேரமாயிற்று.

அடுத்த வாரம் அருளாயி வந்தாள். கருமத்தம்பட்டிக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், மருத்துவச்சி, அம்புஜத்துக்கும் மாரியாத்தாளுக்கும் பிரசவம் பார்த்தவள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, போகிற போக்கில் பூஜை அறையை எட்டிப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"ஏனுங் அம்மணி, எங்க எலிசபெத்தம்மாவுக்கு எதுக்குங்க பொட்டு வெச்சிருக்கீங்க?"

"யாருங்க அது?"

"ராசா ஊட்டுப் பொண்ணுங்க. எங்க வேதத்துல பெரிய புனிதை. பஞ்சத்துல அரண்மனை ரொட்டியெல்லாம் மடியில கட்டிட்டுப் போயி ஏழைகளுக்குக் குடுப்பாங்களாம். ஒரு நாளு புருஷன் குதிரையில வந்து வழி மறிச்சு, மடியில என்ன, காட்டுன்னாராம். தொறந்தா அத்தனையும் ரோசாப்பூவு."

அம்புஜம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு கேக்காம இருந்திருந்தா?"

அருளாயி சிரித்தாள். "கேக்காட்டி ரொட்டிதானுங்க. ஏழைக வயிறு நெறஞ்சிருக்கும்."

"அப்புறம் என்னாச்சுங்க?"

"புருஷன் சண்டைக்குப் போற வழியில செத்துப்போட்டாரு. தாலி போனவங்களுக்குப் பொட்டு வெச்சா அது எங்கீங்க நிக்கும்? இருக்கறதையெல்லாம் குடுத்தாங்க. கடைசியில பெத்த புள்ளைகளையும் ஆருகிட்டயோ உட்டுப்போட்டு, ஏழைகளோட போயிட்டாங்க."

தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அறையில் காற்று இல்லை.

"நல்லவங்கதானுங்க" என்றாள் அருளாயி, அம்புஜத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு. "அவங்களைக் கூப்பிட்டிருந்தா அவங்க வந்திருப்பாங்க. நீங்க வேற ஆரையோ கூப்பிட்டு, இந்தப் படத்துக்கு முன்னால சேலை வெச்சிருக்கீங்க. வந்தது ஆருன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?"

அன்று சாயங்காலம் அம்புஜம் படத்தை இறக்கித் தரையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அட்டையில் பூச்சி அரித்திருக்கிறது, வெயிலில் காய வைக்கணும் என்று மாமியாரிடம் சாக்குச் சொன்னாள். படத்தைத் திருப்பிவிட்டால் போதும் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் வெங்கடம்மாள் சமையல்காரியையும் கூட்டிக்கொண்டு அவிநாசி கோயிலுக்குக் கிளம்பினாள். லட்சுமணசாமி விடிந்ததும் மில்லுக்குப் போயிருந்தான். பேச்சுவார்த்தை முடிகிற கட்டத்தில் இருக்கிறது என்றான். வீட்டில் அம்புஜமும் குழந்தையும்தான். உச்சி வெயில். தென்னை மட்டைகூட அசையவில்லை. கொல்லைப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரித் தோன்றிப் போனாள்.

மாரியாத்தாள் நின்றிருந்தாள். இடுப்பு காலியாக இருந்தது.

"எட்டு நாளைக்கு அரிசின்னு குடுத்தீங்க அம்மணி" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஊட்டு வாசல் வரைக்கும் பாரமாத்தானுங்க இருந்துச்சு. அவரு வாசல்ல உக்காந்திருந்தாரு. முடிச்சுல என்னன்னு கேட்டாரு. அவுத்தா பூவு."

அம்புஜம் சுவரோரம் நெருங்கி வந்தாள்.

"வேணும்னே பண்ணிப்போட்டீங்கன்னு நெனச்சேனுங்க. திரும்ப வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு."

"மாரியாத்தா. புள்ள?"

"முந்தாநேத்துங்க." இடுப்பில் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அந்தப் பூவு வாடவே இல்லீங்க அம்மணி. அதத்தான் குழிமேல போட்டேன்."

துவைத்து மடித்த மஞ்சள் துண்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு நடந்தாள். வெயிலில் அவள் போவதை அம்புஜம் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது. கூடப் போய் அவள் காலில் விழ வேண்டும் போல இருந்தது. தான் சொன்ன ஒரு பொய்க்கு அந்தக் குழந்தை போயிற்று என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சுவர்மேல் கிடந்த துண்டின் அரக்குக் கரையை வெறித்துப் பார்த்தாள்.

அரக்குக் கரை. மஞ்சள் சேலை.

படமில்லை. சேலை.

மீதிச் சேலை உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடினாள். நடையில் கால் வழுக்கி, எழுந்து, அறை வாசலில் நின்றாள். உத்திரத்துக் கொக்கியிலிருந்து தூளி நேராகத் தொங்கியது. இரண்டு பக்கத் துணியும் மேலே சேர்ந்து மூடியிருந்தது. அடியில் பாரம் இருப்பது தெரிந்தது. வட்டமான, அசையாத பாரம். இருக்கிறானா என்று மனது கேட்க வாயெடுத்தது. அந்தக் கேள்வியின் கழுத்தை நெரித்தாள். கேட்கக் கூடாது. மனசுக்குள்கூடக் கேட்கக் கூடாது.

இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. பிள்ளை தூங்கும் தூளியைப் பார்த்து உள்ளே என்ன என்று யார் கேட்பார்கள். தினமும் பத்துத் தரம் அவனைத் தூக்கியிருக்கிறாள், விட்டிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரே தடவை தூக்கிவிட்டால் போதும். தூக்கிவிட்டு இந்தச் சேலையை அடுப்பில் வைத்துவிடலாம். படத்தையும்.

நல்ல வேளை, வீட்டில் யாருமில்லை.

கிட்டே போனாள். வாசனை முகத்தில் அறைந்தது. ஈரக் கல். பூ. தூளிக்கு நேர் கீழே தரையில் சின்னதாக ஒரு கறுப்புத் தூள் படிந்திருந்தது. திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்தால் மனது கேட்டுவிடும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். துணி இடுக்கில் வலது கையை நுழைத்தாள். மணிக்கட்டு. முழங்கை.

சூடு.

உயிர் வந்தது. மெத்தென்ற, எண்ணெய்ப் பிசுக்குள்ள சூடு. அவன் கால். குதிகால் அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது. அஞ்சு விரல், பயறு பயறாக. கணுக்காலில் வெள்ளித் தண்டை. அவள் கை பட்டதும் கால் ஒரு முறை உதைத்தது. வாய்விட்டு அழுதுவிட்டாள். வா கண்ணு. அம்மாகிட்ட வா. மற்றொரு கையையும் உள்ளே விட்டு இடுப்பைத் தேடினாள்.

அப்போது சங்கு ஊதியது.

எழுபத்தைந்து நாளுக்குப் பிறகு, மூன்று மணிச் சங்கு. நீளமாக, வீட்டின் கண்ணாடியெல்லாம் அதிர. பூஜை அறையில் ஏதோ ஒன்று தரையில் மெல்ல நகர்ந்து, திரும்பிய சத்தம் கேட்டது. குழந்தை இன்னொரு தரம் உதைத்தது. வாசலில் கார் நின்றது. செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம், வேகமான காலடி. இரண்டரை மாதமாக அந்த நடையில் அவ்வளவு வேகம் இருந்ததில்லை.

"அம்புஜம், மில்லு தொறந்தாச்சு."

அவள் திரும்பவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. சீக்கிரம். இடுப்பு எங்கே. துணி கையைச் சுற்றிக்கொண்டது.

காலடி வாசலில் நின்றது. தூளிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி நிற்கும் மனைவியைப் பார்த்து அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. கேக்காதீங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"என்ன அம்மணி, தூளிக்குள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கே? காட்டு."

குதிகால் குளிர்ந்தது.

அவள் பிடியை இறுக்கினாள். உள்ளங்கைக்குள் அது மெத்தென்றது. இன்னும் இறுக்கினாள். விரல்கள் ஐந்தும் ஒவ்வொன்றாக நழுவின. இறுக்க இறுக்க, ஈரமாக, இதழ் இதழாகப் பிரிந்து, விரலிடுக்கு வழியே வழிந்தது. தண்டை மட்டும் கையில் தங்கியது.

கண்ணைத் திறந்தாள்.

லட்சுமணசாமி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சற்றே குனிந்து, துணியை விலக்கிப் பார்க்க, ஒரு விரலை நீட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால், பூஜை அறையில், படம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ராணியின் மடியில் பூ இல்லை. துணியை இரண்டு கையாலும் சேர்த்து மூடிப் பிடித்திருந்தாள். உள்ளே பாரம் இருந்தது. அடியில் ஏந்தியிருந்த கைகள் எல்லாம் அதை வாங்கிக்கொள்ள உயர்ந்திருந்தன.

தூளி ஆடியது. முதல் இதழ் தரையில் விழுந்தது.